செவ்வாய்க்கிழமை பிரஷர்

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் மானம் தப்பும். ஆனால் கண்டக்டர் எப்படியும் ஊர் பூராவும் சொல்லத்தான் போகிறான். அவன் சொல்வதைவிட நான் எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இன்று சாயங்காலம் நான் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டியபடியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ரப்பர் குழாய் வால் மாதிரி தொங்கியிருக்கிறது. டிக்கெட்டுக்குக் கை நீட்டினேன். "என்ன சிஸ்டர், காத்து அடிக்கணுமா?" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். வீட்டில் கை கழுவும்போதுதான் விஷயம் புரிந்தது.

பழி என்னுடையது இல்லை. பீடி சுற்றும் கோமு அக்காவுக்குப் பயம் தெளியட்டும் என்று என் கையிலேயே கட்டிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து அவள் எதிர்வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன கதையை ஆரம்பித்தாள். கதையில் மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், இங்கே பட்டையைக் கழற்றுவதா?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தான் சர்க்கரை, பிரஷர் நாள். என் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். பிரஷர் பார்க்க மட்டும் வருகிறார்கள் என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். மெஷின் கர்ர் என்று காற்று ஏற்றும்போது மனுஷனுக்குப் பயம் வரும். அந்தப் பயத்தைப் போக்க நான் ஒரு விஷயம் கேட்பேன், அவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷத் தொழில் ரகசியம் இது. கக்கூஸ் சாவிகூட என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது (பூட்டாவிட்டால் பஸ் ஸ்டாண்டே உள்ளே வந்துவிடும்). சாவி கேட்டு வருபவரும் ஒரு கதை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் ரிஸ்வானா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் பெரிய மகளைவிட இரண்டு வயது மூப்பு இருக்கும், அவ்வளவுதான்.

"சிஸ்டர், இந்த வட்டாரத்திலேயே புதுசா பிரஷர் கண்டுபிடிக்கிறதுல நீங்கதான் முதல். பக்கத்து ஊர்கள்ல இதுல பாதிகூட இல்ல. எப்படி?"

"கைராசி டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சின்னப் பெண், வியப்பில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

நர்ஸ்கள் வாட்ஸப் குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் ஏழு நட்சத்திரம். கீழநத்தம் நர்ஸ் மட்டும் ஒன்றும் போடவில்லை. வயிறு எரிகிறது போல.

ஜூன் 10, செவ்வாய்

யார் வந்தார்கள் தெரியுமா இன்று? சொர்ணக்கிளி!

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. அவளும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சின்னக் காரணம் இல்லை. அவள் வீட்டுப் பால்காய்ப்புக்குக் குடும்பப் படம் எடுத்தபோது, "நீ கொஞ்சம் ஓரமா நில்லு பிரேமா" என்றாள். நின்றேன். ஆல்பம் வந்தது. அதில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. பட்டுச்சேலை கட்டி, அழகு நிலையத்துக்குப் போய் வந்த முழங்கை.

அதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதெல்லாம் இங்கே எதற்கு. நான் ஒரு கதை சொன்னால் அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும். இப்போது வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர் "ம்" என்கிறார். லைன்மேன். கம்பத்தோடு பழகிப் பழகி மனுஷப் பேச்சு மறந்தவர். சரி, போகட்டும்.

ஒரு மாதமாகத் தலை சுற்றுகிறதாம் அவளுக்கு. அவள் அம்மா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நாலு வருஷம் படுக்கையில் கிடந்தவள். அதனால் அவள் புருஷன், என் மூத்தார், பயந்துபோய் வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். வந்தவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாளா? இல்லை. சுவரோரம் கிடந்த சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் வைத்து, சுவரில் இருக்கும் தாய்ப்பால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே அவளுக்குப் பின்னால் வந்தவர்களை முதலில் பார்த்தேன். அவள் அசையவில்லை. கால் கட்டைவிரலை மட்டும் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தாள். என்ன ஆங்காரம்!

அவள் முறை வந்தது. நானும் வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. மெஷின் மட்டும் பேசியது. 178க்கு 104.

தூக்கிவாரிப்போட்டது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன். 176. சீட்டில் எழுதி டாக்டர் அறைப் பக்கம் கை காட்டினேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விறுவிறுவென்று வாசல் வழியாகப் போயே போய்விட்டாள். ஓட்டம் என்றே சொல்லலாம்.

வெளியில் கோமு அக்காவிடம் சொன்னது மாலைக்குள் எனக்கு வந்து சேர்ந்தது: "மெஷின்ல வந்ததை எங்க எழுதுனா? அவ மனசுல இருக்கிறதைல்லா எழுதிட்டா!"

ஜூன் 12, வியாழன்

வீட்டுக்காரர் இன்று "ம்" தவிர வேறு பேசினார்.

"மதினிக்கு நிஜமாவே பிரஷரா? இல்ல..."

"இல்ல?"

"ஒண்ணுமில்ல. குழம்பு நல்லாருக்கு."

தெரு முழுக்க இதே பேச்சு. வன்மத்தில் பிரஷர் எழுதிய நர்ஸ். ஊருக்கே எழுதுகிறேனே, எல்லோர்மேலும் வன்மமா எனக்கு?

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் சொல்லி அனுப்பியதால் மறுபடி வந்தாள். அதே நாற்காலி, அதே தாய்ப்பால் படம், அதே கட்டைவிரல். 174. டாக்டர் அறையைக் கையால் காட்டி எழுந்து நின்று வழிவிட்டேன். போகவில்லை. கோமு அக்காவைப் பார்த்து, ஆனால் எனக்குக் கேட்கும்படியாக, "அவ கை பட்ட மாத்திரை எனக்கு வேண்டாம், அவ எழுதுன நோயும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கடைசிப் படியில் ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பார்க்கவில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் தெரிந்தது.

ஜூன் 19, வியாழன்

மாவட்டத்திலிருந்து ஆள் வருகிறார்கள்! வரும் செவ்வாய்! "உங்க எண்ணிக்கை பத்தி நேர்ல பார்க்கணுமாம் சிஸ்டர்" என்றார் டாக்டர். நேரில் பார்ப்பது என்றால் என்ன? பொன்னாடை. போட்டோ. இந்தத் தடவை யாராவது ஓரமாக நில் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

தையல்காரியிடம் வெள்ளை யூனிபார்ம் ஒன்று அவசரமாகத் தைக்கக் கொடுத்தேன். இடுப்பளவு சொல்லும்போது மட்டும் குரலைக் குறைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பொன்னாடை வரவில்லை.

ஒல்லியாக ஒரு அம்மாள் வந்தார். பெயர் கனகலதாவாம். கூடவே ஒரு மெஷின். காலையில் ஒரு மணி நேரம் என் மேஜைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் விடவில்லை, முழுத் திறமையையும் காட்டினேன். கோமு அக்கா ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். பட்டையைக் கட்டி பட்டனை அமுக்கி, "எதிர்வீட்டு மாப்பிள்ளை திரும்பி வந்துட்டாராமே?" என்றேன்.

"வந்தாரா? வந்ததை ஏன் கேக்க! மாமியாரு கதவைத் திறக்கல. இவரு ஜன்னல் வழியா..."

152. "பார்த்தீங்களா மேடம், ஏறியே இருக்கு" என்றேன் பெருமையாக. அடுத்து டீக்கடை தவசிக்கனி. சேர்மன் தேர்தல் பற்றிக் கேட்டேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். 160.

கனகலதா மேடம் எழுந்தார். முதலில் என்னிடம் கக்கூஸ் சாவியைக் கேட்டு வாங்கினார். பாவம், அவசரம் போல என்று நினைத்தேன். பார்த்தால் பூட்டைத் திறந்து போட்டுவிட்டு, வரிசையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை போய்வரச் சொன்னார். பிறகு அதே ஆட்களை டாக்டர் அறைக்குக் கூட்டிப்போய் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். ஐந்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது என்றார். கோமு அக்கா அந்த ஐந்து நிமிஷமும் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவள் மாதிரி நெளிந்தாள். அப்புறம் அளந்தார்.

கோமு அக்கா 126. தவசிக்கனி 132.

அடுத்தவர், அதற்கடுத்தவர். பாதிப் பேருக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் காது அடைத்தது.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "சிஸ்டர், அளக்கும்போது பேசினா பிரஷர் ஏறும். முதுகுக்குச் சாய்மானம் இல்லன்னா, கை தொங்குனா, கால் தொங்குனா அதுவும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்தும். நீங்க இவங்க பிரஷரை அளக்கல. உங்க கதையோட சுவாரசியத்தை அளந்திருக்கீங்க." வேறு என்னென்னவோ சொன்னார். அதற்குமேல் எனக்கு ஏறவில்லை.

வெளியே சேதி பரவியதும் வந்ததே ஒரு கலவரம்!

"ஏட்டி பிரேமா!" கோமு அக்கா பீடித்தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்தாள். "ஒரு வருஷமா உப்பைக் குறை, கருவாட்டைத் தொடாதேன்னு சொன்னியே! என் மகன் தூத்துக்குடில இருந்து வாங்கிட்டு வந்த சீலா கருவாட்டை நாய்க்குல்லா போட்டேன்! அந்த நாயைப் பாத்தியா, எப்படிக் கொழுத்துக் கெடக்குன்னு?"

"நான் ஊறுகாயை விட்டேன்" என்றார் தவசிக்கனி தழுதழுத்த குரலில். "பந்தியில பக்கத்து இலைய முகர்ந்துகிட்டே சாப்பிட்டேன், சிஸ்டர்."

டாக்டர் ரிஸ்வானா வராந்தாவுக்கு வந்து சத்தமாகச் சொன்னார்: "மாத்திரை சாப்பிடுற யாரும் தானா நிறுத்தக் கூடாது. எல்லாருக்கும் மறுபடி ஒழுங்கா அளப்போம். அதுக்கப்புறம் நான் சொல்றேன். உப்பைக் குறைச்சதால யாருக்கும் கெடுதி இல்ல."

"நாய்க்கு இருக்கு" என்றாள் கோமு அக்கா.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் சிரித்த மாதிரியே.

இரவு சாப்பிடும்போதுதான் மண்டையில் அடித்தது. எல்லோரும் பேசினார்கள், எல்லோர் கணக்கும் தப்பு. பேசாதவள் ஒருத்திதான். சாய்ந்து உட்கார்ந்தவள், காலை ஊன்றியவள், கையை மேஜையில் வைத்தவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒழுங்காக அளந்த ஒரே பிரஷர் சொர்ணக்கிளியுடையது!

"அப்போ உங்க மதினிக்கு நிஜமாவே இருக்கு!" என்று கத்தினேன்.

"அங்கே இப்பதான் பாயசம் காய்ச்சுறாங்க" என்றார் வீட்டுக்காரர். "உன் மெஷின் பொய்னு ஆயிடுச்சுல்ல. தெருவுக்கே கொடுக்கிறாங்க. நமக்கும் வந்திருக்கு."

டம்ளரைக் காட்டினார். முந்திரி மிதந்தது. தொண்டையில் இறங்கவில்லை. (அப்புறம் இறங்கியது. நல்ல பாயசம்.)

ஜூன் 25, புதன்

ஆறு வருஷமாக மிதிக்காத வாசலை இன்று காலை மிதித்தேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வாசலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கூடத்துச் சுவரில் அந்தப் படம், சட்டம் போட்டு. என் முழங்கையும் இருக்கிறது.

சொர்ணக்கிளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்லக்கா. உங்களுக்கு நிஜமாவே பிரஷர் இருக்கு."

கீரை ஆய்ந்த கை நின்றது. "ஊருக்கே இல்லன்னு ஆயிடுச்சு. எனக்கு மட்டும் இருக்காக்கும்?"

"ஊரோட நான் பேசினேன். உங்களோட பேசல. அதனால உங்க கணக்கு மட்டும்தான் சரி."

"நல்லாருக்கே கதை! சேந்திருந்தா சுகம், சண்டை போட்டா சீக்கா?"

"அக்கா, போன வாரம் செவ்வாய்க்கிழமை படியில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"நீ பாத்தியா?"

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு."

இரண்டு காம்பு உருவிப் போட்டாள். பிறகு மெதுவாக, கீரையைப் பார்த்தே சொன்னாள்: "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் தல சுத்திச்சு. பித்தம்னு இஞ்சிச் சாறு குடிச்சா. நாலு வருஷம் அவளுக்கு நான்தான் எல்லாம் அள்ளிப்போட்டேன். எனக்கு யாரு இருக்கா? ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்க."

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "டாக்டர் ஈசிஜி, இதயப் படம் எடுத்துப் பாப்பாங்க, அது பொய் சொல்லாது" என்றுதான் வந்தது.

"வர்றேன். ஒரு நிபந்தனை." முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பழைய குறும்பு. "வர்ற செவ்வாய் பூராவும் நீ வாய் திறக்கக் கூடாது. நான் பெஞ்சில உக்காந்து பாப்பேன். ஒரு வார்த்தை வந்துச்சு, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

"ஒரு நாள் பூராவுமா!"

"பாத்தியா, இப்பவே முடியல."

ஜூன் 30, திங்கள்

பயிற்சி எடுத்தேன். காலை முதல் மதியம் வரை வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய், "உடம்புக்கு என்ன?" என்று மூன்று தடவை கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் அதிகம் பேசிய நாள் இதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

பேசவில்லை.

பேசவில்லை! ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை! ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலி மூன்று வரவழைத்திருக்கிறார் டாக்டர். சாவி கதவிலேயே தொங்குகிறது. கோமு அக்கா வேண்டுமென்றே வந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை மாமியாருக்கு என்ன வாங்கிட்டு வந்தாருன்னு கேக்க மாட்டியா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். என் மேலுதட்டில் வியர்வை பூத்தது. சுவரில் தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தைக்கு ஆறு விரல் வரைந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன்.

எதிர் பெஞ்சில் சொர்ணக்கிளி. என் அவஸ்தையைப் பார்த்து அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தமே இல்லை, தோள் மட்டும். ஆறு வருஷம் கழித்து.

ஒரு மணிக்கு எழுந்து, தானாகவே டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டரே அளந்தார். 158க்கு 98. இதயப் படம் எடுத்தார். பட்டாளத்து எறும்பு வரிசை மாதிரி வந்த கோடுகளைக் காட்டி விளக்கினார்: இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, ரொம்ப நாளாகவே பிரஷர் இருந்திருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் அம்மாவுக்கு ஆனதுதான். இப்போது மாத்திரை ஆரம்பித்தால் சமாளிக்கலாம். சர்க்கரையும் சிறுநீரும் சோதித்ததில் பயம் இல்லை.

மாத்திரையை நான்தான் எடுத்து நீட்டினேன். கையை நீட்டினாள். "கைராசி எப்படின்னு பாப்போம்" என்றாள்.

எனக்கு அப்போதும் பேச அனுமதி இல்லை. மணி ஒன்றரை.

ஜூலை 4, வெள்ளி

சொர்ணக்கிளி போன் செய்தாள். முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை மாமியாருக்கு வாங்கி வந்தது மிக்ஸியாம்.

ஜூலை 22, செவ்வாய்

134க்கு 84! தலைசுற்றல் போயேபோச்சு! நான் குதித்த குதியில் மேஜை ஆடியது. மூத்தார் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு வீட்டுக்கு வரலன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் நான் பேச்சாளர் ஆகிவிட்டேன். போன வாரம் வட்டார நர்ஸ்கள் கூட்டத்தில், அளக்கும்போது மௌனம் ஏன் முக்கியம் என்று பேசினேன். பத்து நிமிஷம் கொடுத்தார்கள், நாற்பது நிமிஷம் பேசினேன். சொர்ணக்கிளி கதைதான் அதன் சிகரம்: "இருபத்திரண்டு வருஷத்தில் நான் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல் எடுத்த ஒரே அளவு!" கைத்தட்டல். கீழநத்தம் நர்ஸ்கூடத் தட்டினாள்.

அதையே இன்று சொர்ணக்கிளியிடமும் ஒரு வரி விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்தவள் கக்கூஸ் கதவுப் பக்கம் நடந்தாள். போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "சாவி இப்ப இங்கேயே தொங்குதே, எவ்வளவு நிம்மதி!" என்றாள்.

"ஏன்க்கா?"

"வேற என்னத்தட்டி! முதல் ரெண்டு செவ்வாயும் பஸ்ல இருந்தே முட்டிக்கிட்டு வந்தேன். சாவி உன் தலைக்குப் பின்னால. உன்கிட்ட எவ கேப்பா? காலை ஊனிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

உள்ளேயிருந்து டாக்டர் ரிஸ்வானா தலையை மட்டும் நீட்டினார். "சிஸ்டர், அடக்கி வச்சா அதுவும் பிரஷரை ஒரு பத்துப் பதினஞ்சு ஏத்தும். மேடம் அன்னைக்கே சொன்னாங்களே."